மருத்துவக் காப்பீடு வாங்கும் முன் எதையெல்லாம் ஒப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பத்தில் யார் மருத்துவமனையில் சேர்ந்தாலும் பாலிசி ஃபைலோடு காப்பீட்டு கவுன்டரில் நிற்பது நான்தான். அதனால் உறவினர்களும் நண்பர்களும் புதிதாக பாலிசி எடுக்கும்போது என்னிடம் கேட்பார்கள். பத்து வருடங்களாகக் கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் காப்பீடு விற்பவன் இல்லை. எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்கப் போவதும் இல்லை. இங்கே சொல்லும் விதிகள் எல்லாம் இந்தியாவுக்கானவை.

ஆபீஸ்லயே இன்ஷூரன்ஸ் இருக்கு. தனியா வேற ஒண்ணு எதுக்கு?

அது வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு புதிதாக பாலிசி தேடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான நிலை. நடுவிலும் நிர்வாகம் நினைத்தால் பெற்றோரை நீக்கலாம், தொகையைக் குறைக்கலாம். உங்களிடம் கேட்க வேண்டியதில்லை.

அதற்காக ஆபீஸ் பாலிசி மோசம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான குழு பாலிசிகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். அது இருக்கும்வரை அதைப் பயன்படுத்துங்கள். கூடவே சொந்தமாக ஒன்றை இப்போதே தொடங்கிவிட்டால், அதன் காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம்) சத்தமில்லாமல் கழிந்துவிடும். வேலையை விடுவதாக இருந்தால், கடைசி நாளுக்கு முன்பே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். மாறினால், நீங்கள் கடந்துவிட்ட காத்திருப்புக் காலம் கணக்கில் வரும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே, அது போதாதா?

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் அது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. தகுதி இருந்தால் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அது செல்லும்.

70 வயது நிறைந்தவர்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சத்துக்குத் தகுதி உண்டு. தனியார் பாலிசி வைத்திருப்பது அதற்குத் தடை இல்லை. வீட்டில் அந்த வயதுப் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கு அந்த அட்டையை முதலில் வாங்குங்கள்.

ரெண்டுமே 10 லட்சம் பாலிசிதான். ஒண்ணு 4 ஆயிரம் கம்மி. கம்மியானதை எடுத்தா என்ன தப்பு?

தப்பு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நீங்கள் ஒப்பிட்டது கட்ட வேண்டிய பணத்தை. திரும்பி வரும் பணத்தை இன்னும் ஒப்பிடவில்லை. 10 லட்சம் என்பது உச்சவரம்பு மட்டுமே. ஒரு சாதாரண பில்லில் எவ்வளவு கிடைக்கும் என்பதை உள்ளே இருக்கும் நிபந்தனைகள்தான் தீர்மானிக்கும்.

நான் செய்வது இதுதான். ஒரு பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாலிசியிலும் அதை ஓட்டிப் பார்ப்பேன். பழைய பில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: 5 நாள் தங்கல், அறை வாடகை நாளுக்கு 8,000 வீதம் 40,000. அறுவை சிகிச்சை நிபுணர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து 50,000. பரிசோதனைகள் 20,000. கையுறை, மாஸ்க் போன்ற சில்லறைப் பொருட்கள் 10,000. மொத்தம் 2,40,000.

அறை வாடகைக்கு வரம்பும் கோ-பேயும் (கிளெய்மில் ஒரு பங்கை நாமே கட்டும் நிபந்தனை) இல்லாத பாலிசியில், சில்லறைப் பொருட்களுக்கான 10,000 மட்டும் உங்கள் கையிலிருந்து போகும். இன்னொரு பாலிசியில் இதே பில்லுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகலாம். எப்படி என்பதை அடுத்த இரண்டு பதில்களில் பாருங்கள். வருடத்துக்கு 4,000 மிச்சம் என்பது அப்புறம் வேறு மாதிரி தெரியும்.

ரூம் வாடகை லிமிட்டா? கூடுதலா ஆகுறதை நாமளே குடுத்துட்டா போச்சு, இதுல என்ன பெரிய விஷயம்?

அப்படித்தான் நானும் நினைத்தேன். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, தனி அறை வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். நாளுக்கு 3,000 ரூபாய் அதிகம், ஐந்து நாளைக்கு 15,000 என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் கட்டச் சொன்னார்கள். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கிய பிறகுதான் ‘விகிதாச்சாரக் கழிவு’ என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது.

வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால், வாடகை மட்டும் குறைவதில்லை. அந்த அறையின் தரத்தைப் பொறுத்து மாறும் மற்ற கட்டணங்களும் அதே விகிதத்தில் குறையும். மேலே சொன்ன பில்லை, அறைக்கு வரம்பு உள்ள ஒரு 10 லட்சம் பாலிசியில் போடுங்கள். அறை வரம்பு நாளுக்கு 5,000. நீங்கள் எடுத்தது 8,000 அறை. 8,000-இல் 5,000 என்பது 62.5 சதவீதம். எனவே வாடகைக்குக் கிடைப்பது 25,000. டாக்டர், தியேட்டர், நர்சிங் 1,20,000-க்கு 75,000. மருந்தையும் பரிசோதனையையும் உடலில் பொருத்தும் கருவிகளையும் இப்படிக் குறைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அந்த 70,000 முழுதாக வரும். மொத்தம் 1,70,000. மீதி 70,000 உங்களுடையது.

ஆகையால் ஒப்பிடும்போது முதலில் தேட வேண்டிய வரி இதுதான். ‘வரம்பு இல்லை’ என்றிருந்தால் சிறப்பு. ‘ஒருவர் தங்கும் தனி அறை’ என்று அறையின் வகையைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சதவீதமோ ரூபாய்க் கணக்கோ இருந்தால், உங்கள் ஊரில் நீங்கள் போகக்கூடிய மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு அறை வாடகையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இந்தக் கழிவு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொருந்தாது. அறைக்கு அறை வேறு கட்டணம் வாங்காத மருத்துவமனையிலும் பொருந்தாது.

கோ-பே 20 பர்சன்ட்னு இருக்கு. பிரீமியம் நல்லா குறையுது. எடுக்கலாமா?

கிளெய்மில் தகுதியான தொகையில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் உங்களுடையது என்று அர்த்தம். மேலே வந்த 1,70,000-இல் 34,000 குறைந்து 1,36,000 கிடைக்கும். 2,40,000 பில்லில் உங்கள் பங்கு 1,04,000. முன்பு ‘ஒரு லட்சத்துக்கு மேல்’ என்றது இதைத்தான்.

இளையவர்களுக்கு கோ-பே உள்ள பாலிசியை நான் சொல்லவே மாட்டேன். 65 தாண்டிய பெற்றோருக்குப் பல நேரம் கோ-பே உள்ள பாலிசிதான் கிடைக்கும். அப்போது எடுக்கலாம், ஆனால் அந்தப் பங்கை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். ‘குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு கோ-பே தொடங்கும்’, ‘வேறு பெரிய நகரத்தில் சிகிச்சை எடுத்தால் கோ-பே’ என்ற வரிகள் உள்ளே ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

பாலிசி 40 பக்கம் இருக்கு. எதைப் படிக்கிறது?

வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று ஒவ்வொரு பாலிசிக்கும் இருக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. சில பக்கங்கள்தான். வரம்புகள், காத்திருப்புக் காலம், எதற்குப் பணம் இல்லை என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தமிழில் வேண்டும் என்றும் கேட்கலாம். இரண்டு பாலிசியின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் புரிந்துவிடும். விளம்பர பிரசுரத்தை வைத்து ஒப்பிடாதீர்கள்.

தாளில் ஒரு வரி புரியவில்லை என்றால் மட்டும் 40 பக்க ஆவணத்துக்குப் போய் அந்தச் சொல்லின் வரையறையைப் பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்று ஒரு பாலிசி 2020 ஏப்ரல் முதல் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் நிபந்தனைகள் ஒன்றே. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், நாளுக்கு அதிகபட்சம் 5,000. கோ-பே 5 சதவீதம். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு அதிகபட்சம் 40,000. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்கும் பாலிசி எங்கே மேல், எங்கே கீழ் என்று பார்க்கலாம்.

எனக்கு சுகர் இருக்கு. சொன்னா தர மாட்டாங்கன்னு ஏஜென்ட் சொல்றார். சொல்லாம விட்டுடவா?

தயவுசெய்து விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள். மருத்துவமனையில் சேரும்போது டாக்டர் ‘எத்தனை வருடமாக சுகர்?’ என்று கேட்பார். நீங்கள் ‘எட்டு வருடம்’ என்பீர்கள். அது கேஸ் ஷீட்டில் ஏறும். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் காகிதம் அந்த கேஸ் ஷீட்தான். பாலிசி எடுத்து மூன்று வருடம் ஆகிறது, நோய் எட்டு வருடம் என்றால், மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுப்பார்கள். பாலிசியையே ரத்து செய்யவும் முடியும். கட்டிய பிரீமியமும் போய், அந்த வயதில் வேறு பாலிசியும் கிடைக்காமல் நிற்கும் நிலை கொடுமையானது.

சொன்னால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், காத்திருப்புக் காலம் வரும், ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்று தரலாம். சர்க்கரைக்கு முதல் நாளிலிருந்தே பணம் தரும் பாலிசிகளும் விற்பனையில் உள்ளன. படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. ஆகவே சாப்பிடும் மாத்திரை, பழைய ஆபரேஷன், சிகரெட் பழக்கம் எல்லாவற்றையும் நீங்களே எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

அஞ்சு வருஷம் ஆயிட்டா எதையும் கேட்க மாட்டாங்களாமே?

பாதி உண்மை. 60 மாதங்கள் இடைவிடாமல் புதுப்பித்த பாலிசியில், ‘தகவலை மறைத்தார்’ என்ற காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது 8 ஆண்டாக இருந்தது, 2024 ஏப்ரலில் 5 ஆக்கினார்கள். ஆனால் மோசடி என்று நிரூபித்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பாலிசியில் எழுதியிருக்கும் வரம்புகளும் விலக்குகளும் அப்படியேதான் இருக்கும். தெரியாமல் விட்டுப்போன ஒரு தகவலுக்காகப் பயப்படுபவர்களுக்கு இது நிம்மதி. தெரிந்தே மறைப்பவருக்கு இதை நம்பி ஐந்து வருடம் ஓட்டும் துணிச்சல் வேண்டாம்.

காத்திருப்புக் காலம்னா என்ன? மூணு வகை சொல்றாங்க, குழப்பமா இருக்கு.

முதல் 30 நாள் எந்த நோய்க்கும் பணம் இல்லை, விபத்துக்கு மட்டும் உண்டு. அடுத்து, கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு ஒரு காலம். பல பாலிசிகளில் 2 வருடம். அது உங்களுக்கு முன்பே இருந்ததோ இல்லையோ, காத்திருக்கத்தான் வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு. இது 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது.

முதல் வகையை ஒப்பிட வேண்டியதில்லை, பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வீட்டில் யாருக்காவது நோய் இருந்தால், மூன்றாவது வகை எத்தனை மாதம் என்பதற்கு பிரீமியத்தைவிட அதிக மதிப்பு கொடுங்கள்.

எவ்வளவுக்கு எடுக்கணும்? 5 லட்சம் போதுமா, 25 லட்சம் வேணுமா?

நீங்கள் போகக்கூடிய மருத்துவமனையில் இதய பைபாஸுக்கோ புற்றுநோய் சிகிச்சைக்கோ எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். செலவு வருடா வருடம் ஏறுகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

பணத்தை மிச்சப்படுத்த நல்ல வழி, 5 லட்சத்துக்கு ஒரு அடிப்படை பாலிசியும் அதன்மேல் சூப்பர் டாப்-அப்பும். டாப்-அப்புக்கும் சூப்பர் டாப்-அப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரே வருடத்தில் 4 லட்சம், மறுபடியும் 4 லட்சம் என இரண்டு பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்கு மேல் தரும் டாப்-அப், ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஆகவே ஒரு ரூபாயும் வராது. சூப்பர் டாப்-அப் வருடத்தின் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும்; 8 லட்சத்தில் 5 போக 3 லட்சம் தரும். பிரீமியத்தில் வித்தியாசம் அதிகம் இருக்காது.

ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுக்கவா, தனித்தனியாவா?

குடும்பம் முழுவதும் ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் பாலிசிதான் ஃப்ளோட்டர். கணவன், மனைவி, சின்னப் பிள்ளைகள் என்றால் அது லாபம். பெற்றோரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். ஃப்ளோட்டரில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். 68 வயது அப்பாவைச் சேர்த்தால் பத்து வயதுக் குழந்தைக்கும் சேர்த்து அதிகம் கட்ட வேண்டிவரும். அவர் ஒருவருக்கே தொகை முழுவதும் தீர்ந்துவிட்டால் மற்றவர்கள் வெறும் கையோடு நிற்க வேண்டும்.

தொகை தீர்ந்தா மறுபடி நிரப்பித் தருவாங்களாமே?

தருவார்கள். ஒரே நபருக்கு, அதே நோய்க்கு மறுபடியும் கிடைக்குமா என்று மட்டும் பாருங்கள். சில பாலிசிகளில் வேறு நோய்க்கு மட்டும்தான். கிளெய்ம் செய்யாத வருடத்துக்குத் தரும் போனஸ் நல்லதுதான், ஆனால் அறை வாடகை, கோ-பே இரண்டும் சரியாக அமைந்த பிறகு பார்க்க வேண்டிய விஷயம் அது.

98 சதவீதம் கிளெய்ம் குடுத்திருக்கோம்னு விளம்பரம் வருதே. அதை நம்பி எடுக்கலாமா?

அந்த 98 என்பது கிளெய்ம்களின் எண்ணிக்கை. பணத்தின் அளவு அல்ல. 2,40,000 பில்லுக்கு 1,36,000 கொடுத்ததும் ‘கொடுத்த கிளெய்ம்’ கணக்கில்தான் வரும். ஐஆர்டிஏஐயின் ஆண்டறிக்கையில் ஒவ்வொரு நிறுவனமும் 100 ரூபாய் பிரீமியத்துக்கு எத்தனை ரூபாய் கிளெய்முக்குச் செலவழித்தது என்ற கணக்கு இருக்கிறது. ரொம்பக் குறைவாக இருந்தால் கைச்சிக்கனம் என்று பொருள். தொடர்ந்து 100-ஐத் தாண்டினால் நாளை பிரீமியம் ஏறும். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் ஆண்டறிக்கையில் எந்த நிறுவனத்தின் மேல் எத்தனை புகார் என்பதும் இருக்கும். நிறுவனத்தின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய நிறுவனத்துக்குப் புகார் எண்ணிக்கையும் பெரிதாகத்தான் இருக்கும்.

14 ஆயிரம் ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ்னு சொல்றாங்க. நிறைய இருந்தா நல்லதுதானே?

கேஷ்லெஸ் என்றால் பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது. அதற்கு உங்களுக்கு வேண்டிய மருத்துவமனைகள் மூன்று. அவசரத்துக்கு 20 நிமிடத்தில் போகக்கூடிய மருத்துவமனை ஒன்று, பெரிய சிகிச்சைக்கு நீங்கள் நம்பும் மருத்துவமனை ஒன்று, பெற்றோர் வேறு ஊரில் இருந்தால் அங்கே ஒன்று. அந்த மூன்றின் காப்பீட்டு கவுன்டருக்கும் போன் செய்து, இந்த நிறுவனத்தோடு இப்போது கேஷ்லெஸ் ஒப்பந்தம் இருக்கிறதா, பணம் வருவதில் இழுபறி உண்டா என்று கேளுங்கள். அந்த கவுன்டரில் இருப்பவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

விதிப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2024 மே மாதச் சுற்றறிக்கை இது. கவுன்டரில் காத்திருக்கும்போது இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

பிரசவத்துக்கும் சேர்த்து எடுக்கலாம்னு இருக்கேன்.

காத்திருப்புக் காலம் 9 மாதத்திலிருந்து சில வருடங்கள் வரை இருக்கும், தரும் தொகைக்குத் தனி வரம்பும் இருக்கும். கூடுதல் பிரீமியத்தையும் அந்த வரம்பையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பல நேரம் கட்டுப்படியாகாது. ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் இப்போது எடுக்கும் பாலிசி இந்தப் பிரசவத்துக்கு உதவாது.

வருஷா வருஷம் பிரீமியம் ஏத்திக்கிட்டே போறாங்களே, அதை எப்படி ஒப்பிடறது?

இன்றைய வயதுக்கான பிரீமியத்தை மட்டும் பார்க்காமல், அதே பாலிசிக்கு 50, 60, 70 வயதில் எவ்வளவு என்று அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். இளம் வயதில் மலிவாகத் தொடங்கி 60-க்குப் பிறகு செங்குத்தாக ஏறும் பாலிசிகள் உண்டு. நீங்கள் கிளெய்ம் செய்தீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. மூத்த குடிமக்களுக்கு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஐஆர்டிஏஐயிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது.

இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்து ஒப்பிடுகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள்.

வரி மிச்சமாகுமா?

பழைய வருமான வரிமுறையில் இருந்தால் உங்கள் குடும்பத்துக்குக் கட்டும் பிரீமியத்தில் 25,000 வரை, 60 வயதான பெற்றோருக்குக் கட்டினால் தனியாக 50,000 வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டினால் கிடையாது. புதிய வரிமுறையில் இந்தச் சலுகை இல்லை.

ஏஜென்ட்கிட்ட வாங்கறதா, ஆன்லைன்லயா?

கிளெய்ம் நேரத்தில் கூட வந்து நிற்கும் ஏஜென்ட் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் அவரிடமே வாங்குங்கள். அவர் ஏற்கெனவே யாருக்கு உதவினார் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். ‘முதல் பிரீமியத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறேன்’ என்பவரிடம் வேண்டாம். அது காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டது.

வாங்கிட்டேன். இதைப் படிச்ச பிறகுதான் ரூம் லிமிட் இருக்கறது தெரியுது. இப்ப என்ன செய்றது?

ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாதுகாப்பில் இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதி வந்துவிடும். அந்தக் காலம் கடந்துவிட்டால், அடுத்த புதுப்பித்தலின்போது வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்யலாம். கடந்த காத்திருப்புக் காலம் கூடவே வரும், பழைய தொகை அளவுக்கு. புது நிறுவனம் மறுக்கவும் செய்யலாம் என்பதால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்பே தொடங்குங்கள். அங்கே ஒப்புதல் வரும்வரை பழையதை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் சரியா செஞ்சும் கிளெய்மை மறுத்துட்டா யார்கிட்ட போறது?

முதலில், எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் முழுதாக மறுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அப்புறம் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகரம், காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனத்தின் கடைசிப் பதிலிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். போகும்போது பாலிசி ஆவணம், மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், அதோடு நீங்கள் நகல் எடுத்து வைத்த அந்தப் படிவத்தையும் கொண்டுபோங்கள்.